மூன்றால் பிரிபட்ட மிதப்பு

"செத்த மனுசன் பார்சல் அனுப்பினா, வாங்கினதுக்கு ஆரிட்டக் கையெழுத்து வைக்கிறது அக்கா?"

சசிகரன் கேட்டு வாய் மூடவில்லை, காலையில் போனில் விசயத்தைச் சொல்லியிருந்த யசிந்தா கதவடியில் நின்றாள். தோளில் ஓர் உரப்பை. கேட்டுவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. சசிகரன் நாக்கைக் கடித்துக்கொண்டு, கதிரையைத் துடைக்கிற சாட்டில் குனிந்தான்.

"இருங்கோ தங்கச்சி," என்றாள் அன்ரோனெற். "இவன்ர வாய்க்கு மட்டும் நான் பொறுப்பில்லை. மற்றதெல்லாத்துக்கும் பொறுப்பு."

மன்னார் நகரத்தில் ஒரு சைக்கிள் கடையின் மேல்மாடிதான் அன்ரோனெற்றின் துப்பறியும் கந்தோர். ஒரு மேசை, மூன்று கதிரை, சரியாகப் பூட்டாத ஓர் அலுமாரி, உதவிக்குச் சொந்த ஓட்டோவோடு சசிகரன். கீழே காற்றடிக்கும் மெஷின் ஓடினால் மேலே தரை அதிரும். தொலைந்த மாட்டிலிருந்து தொலைந்த மாப்பிள்ளை வரைக்கும் எல்லாம் அந்தப் படியேறி வந்திருக்கின்றன. எந்த வேலையையும் அன்ரோனெற் வரிசை பிசகாமல் செய்வாள். செய்து முடித்தபிறகு, சரியாகத்தான் செய்தேனா என்று படுக்கையில் புரண்டு புரண்டு கிடப்பாள்.

யசிந்தா உரப்பையை மேசைமேல் கவிழ்த்தாள். சின்னச் சின்ன வெள்ளைப் பிளாஸ்ரிக் கான்கள் உருண்டன. நண்டு வலைக்கு மிதப்பாகக் கட்டுகிற கான்கள். ஒவ்வொன்றிலும் நீலப் பெயின்றால் ஓர் எண் எழுதியிருந்தது.

"இதுகள் என்ர மனுசன் அனுப்பினது. அவர் உயிரோட இருக்கிறார். அதை ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நீங்கள் நிரூபிச்சுத் தரவேணும்."

"ஏன் ஞாயிறு?"

"அண்டைக்குத்தான் என்ர தம்பி விதுசனுக்கு ஆண்டுத் திருப்பலி. பூசையில செத்தவையின்ர பேர் வாசிப்பினம். ஒரு பேர் வாசிக்கிறதோ ரெண்டு பேரோ எண்டு றெனால்ட் ஃபாதர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அம்மாவும் மாமியும் ரெண்டு எண்டு சொல்லினம். நான் ஒண்டு எண்டு சொல்லுறன்."

மிச்சத்தை அவள் மெல்ல மெல்லச் சொன்னாள். கணவன் ஜெனோஜன் தாழ்வுபாட்டில் கணக்கு ரியூசன் கொடுப்பவன். காலையில் நண்டு வலை, பின்னேரம் வகுப்பு. யசிந்தாவின் ஒரே தம்பி விதுசன் அவனிடம்தான் படித்தான். ஒருநாள் தானும் கடலுக்கு வருவேன் என்று விதுசன் அடம்பிடிக்க, ஜெனோஜன் கூட்டிக்கொண்டு போனான். காற்று மாறி அடித்ததில் படகு கவிழ்ந்தது. விதுசனின் உடல் மறுநாள் கரையொதுங்கியது. ஜெனோஜன் ஒதுங்கவேயில்லை.

"நாலைஞ்சு மாசம் ஒண்டுமில்லை. பிறகு முதல் கான் வந்தது."

அவள் அதை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். 73939133.

"இந்த எண் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும் அக்கா. எங்கட நிச்சயதார்த்தத்தில மோதிரம் போட்ட கையோட காதுக்குள்ள சொன்னவர். 'ஏழு கோடிக்கு மேல ஒரு எண், யசி. முதன்மை எண். ஒண்டாலயும் தன்னாலயும் தவிர வேற ஒண்டாலயும் மீதியில்லாமப் பிரிபடாது. கடைசி இலக்கத்தைக் கழட்டு, மிச்சமும் முதன்மை எண். திரும்பக் கழட்டு, அதுவும் அப்பிடித்தான். ஏழு எண்ட ஒத்தை இலக்கம் வரைக்கும் உடையாமலே போகும்.'"

"பூ குடுக்கிற நேரத்தில கணக்குக் குடுத்திருக்கிறார்," என்றான் சசிகரன்.

"ஓம். நானும் ஏசினனான்." யசிந்தாவின் உதடு லேசாக விரிந்து மறுபடி ஒடுங்கியது. "பின்னால புதுசா எந்த இலக்கத்தை ஒட்டினாலும் இது உடைஞ்சிடுமாம். இந்தச் சாதியில இதுதான் கடைசி, இதைவிடப் பெரிசு கிடையாதாம். 'ஒவ்வொருத்தராப் போனாலும் மிச்சம் உடையாது யசி, எங்கட குடும்பமும் அப்பிடி இருக்கோணும்' எண்டார்."

அன்ரோனெற் கான்களை வரிசைப்படுத்தினாள். 73939133. 7393913. 739391. 73939. 7393. கடைசியாக மூன்று இலக்கத்தில் ஒன்று.

"ஒவ்வொரு முறையும் ஒரு இலக்கம் குறையுது," என்றாள் யசிந்தா. "ஏழு வந்தா ஆள் வரும். எனக்கு அது விளங்கிட்டுது. அதாலதான் நான் தேடேல்ல. தேடினா ஓடிடுவார். தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்த் தனியாத் திரும்பி வந்து எங்கட அம்மான்ர முகத்தைப் பாக்க அவருக்குத் தைரியமில்லை. கொஞ்சம் கொஞ்சமாத் தைரியத்தைச் சேர்க்கிறார். நான் பொறுத்துக்கொண்டு இருப்பன். ஆனா ஞாயிற்றுக்கிழமை அவற்ர பேரைச் செத்தவையோட வாசிக்க விடமாட்டன்."

"கான் எப்பிடி வருது?"

"பஸ் நிலையத்தடித் தேத்தண்ணிக் கடையில என்ர பேருக்கு இறக்கிப்போட்டுப் போவினம். முந்தி மாசத்துக்கொருக்கா. கடைசிக் கான் மட்டும் கனநாள் பிந்தித்தான் வந்தது."

போகும்போது யசிந்தா கான்களை விட்டுவிட்டுப் போனாள். படியில் இறங்கினவள் திரும்பி வந்து, "வெயில் படாமல் வையுங்கோ. பெயின்ற் போயிடும்," என்றாள்.

*

சசிகரன் கான்களைச் சுற்றி வந்தான். "கேஸ் முடிஞ்சுது அக்கா. ஆளுக்கு உயிர் இருக்கு, பெயின்ற் வாங்க வழியிருக்கு. ஃபாதரிட்டச் சொல்லிப்போட்டு வருவம்."

அன்ரோனெற் கடைசிக் கானைக் கையில் எடுத்தாள். 393.

"சசி, 7393இன்ர கடைசி இலக்கத்தைக் கழட்டினா என்ன வரும்?"

"எழுநூத்தி முப்பத்தொன்பது."

"இதில என்ன எழுதியிருக்கு?"

அவன் குனிந்து பார்த்தான். தலையைச் சொறிந்தான். "முன்னாலயிருந்த ஏழைக் கழட்டிப்போட்டார்."

"இலக்கங்களைக் கூட்டு."

"மூண்டும் ஒன்பதும் மூண்டும் பதினைஞ்சு. ஏழாம் ஆண்டில எனக்கு விழுந்த அடியெல்லாம் இந்த மூண்டால பிரிக்கிற கணக்குக்குத்தான். கூட்டுத்தொகை மூண்டால பிரிபட்டா எண்ணும் பிரிபடும்." போனை எடுத்துத் தட்டினான். "மூண்டு தரம் நூற்றிமுப்பத்தொண்டு."

கீழே யாரோ சைக்கிள் மணியை அடித்துப் பார்த்தார்கள்.

"உடைஞ்சிட்டுது," என்றாள் அன்ரோனெற்.

"வாத்தியாருக்கும் கை தவறும்தானே?"

"கையெழுத்துப் போடேக்க உன்ர பேரைப் பிழையா எழுதுவியா?"

"வங்கியில எழுதினனான். திருப்பி அனுப்பினவை."

"நீ எழுதுவாய். ஜெனோஜன் எழுதமாட்டார். மனுசிக்கு மோதிரத்தோட குடுத்த எண். பின்னால கழட்டினாத்தான் உடையாது எண்டதுதான் அதின்ர உயிரே. அதில பிழை விடுற ஆளுக்கு ஒரு விசயம்தான் தெரிஞ்சிருக்கும். மாசம் ஒரு இலக்கம் குறையோணும். எந்தப் பக்கத்தால எண்டது தெரியாது."

"அப்ப இதை எழுதினது வேற ஆள்."

"ஓம்."

"ஆனா அக்கா, ரெண்டு கானிலயும் மூண்டுக்கு வாலைச் சுருட்டின விதம் ஒரே மாதிரியெல்லோ கிடக்கு?"

"பாத்து எழுதினா ஒரே மாதிரித்தான் வரும்." அன்ரோனெற் அதைத் தட்டிவிட்டாள். அவள் மனம் அடுத்த படிக்குப் போயிருந்தது. 7393 வரைக்கும் ஜெனோஜன் எழுதினான். பிறகு கனநாள் ஒன்றும் வரவில்லை. பிறகு வேறொரு கை எழுதியது. ஏன் எழுதவேண்டும்? மன்னாரில் ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்த யாரோ, அவள் நம்பிக்கை அறுந்துபோகக்கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் ஜெனோஜனுக்கு என்ன ஆனது?

ஓர் உயிர் இருப்பதை நிரூபிக்கச் சொல்லித்தான் அந்தப் பெண் வந்தாள். அந்த உயிர் போனதை நிரூபிக்கிற சாட்சியைத் தன் கையாலேயே கொண்டுவந்து வைத்துவிட்டு, வெயில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

அன்ரோனெற் போனை எடுத்தாள். யசிந்தாவின் பெயர்வரை போய், திரும்ப வைத்தாள். பிழையாக இருக்கலாம். பிழையாக இருக்கவேண்டும் என்று அவளே விரும்பினாள்.

*

சனிக்கிழமை காலை பஸ் நிலையத்தில், தேத்தண்ணிக் கடைக்காரர் விரல் நீட்டிக் காட்டிய ஆள் தெற்குப் பக்கத்துத் தனியார் பஸ்ஸின் கொண்டக்டர் நிரூபன். கையில் ரிக்கற் கட்டு, வாயில் வெற்றிலை.

"கானோ? என்ன கான்? எனக்கொண்டும் தெரியாது," என்றான். "தந்தவைக்குச் சொல்லமாட்டனெண்டு வாக்குக் குடுத்தனான்."

"தெரியாத கானுக்கு வாக்குக் குடுத்திருக்கிறான்," என்றான் சசிகரன். "சத்தியவான்."

அன்ரோனெற் அவனை முழங்கையால் இடித்தாள். கைப்பையிலிருந்து 393ஐ எடுத்து நீட்டினாள்.

"சரி, நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம் தம்பி. இது பிழையான சாமான், ஆள் மாறி வந்திட்டுது. அனுப்பின இடத்திலயே திருப்பிக் குடுத்துவிடுங்கோ. காட்டுப் பக்கம், யானை வாற நேரம், வழியில எறிஞ்சுபோடாமப் பத்திரமா இறக்கிவிடுவீங்களோ?"

நிரூபனுக்குத் தொழில் மானம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கட பஸ்ஸில ஏத்தின சாமான் எப்ப வழியில போனது? மறிச்சுக்கட்டியில ஜுனைட் நானாவின்ர போட் திருத்திற கொட்டில் வாசலில கொண்டுபோய்..."

நிறுத்தினான். வெற்றிலையை விழுங்கிவிட்டான் போலிருந்தது.

"நான் ஒண்டும் சொல்லேல்ல!"

"நீ சொல்லேல்ல மச்சான்," என்று அவன் தோளில் தட்டினான் சசிகரன். "உன்ர பஸ்ஸின்ர நல்ல பேர்தான் சொன்னது."

சசிகரனின் ஓட்டோ பாலம் கடந்து பெருநிலத்தில் ஏறித் தெற்கே திரும்பியது. கழுதைக் கூட்டமொன்று வீதியை விட மறுத்தது. சசிகரன் அவற்றோடு மரியாதையாகப் பேசி வழி வாங்கினான். சிலாவத்துறை தாண்டியதும் வீடுகள் குறைந்து பற்றைக்காடு கூடியது. வில்பத்து எல்லைக்குக் கிட்ட, காற்றில் உப்பும் புழுதியும் ஒன்றாக வந்தன.

"அக்கா, ஒண்டும் கதைக்காம வாறீங்கள். பகிடி விடட்டோ?"

"விடு."

அவன் யோசித்தான். கனதூரம் யோசித்தான். "ஒண்டும் வரேல்ல," என்றான்.

அவளுக்கு மனதுக்குள் ஒரே வேலைதான். ஜுனைட்டின் வீட்டில் எப்படிக் கேட்பது? எங்கே அடக்கம் செய்தார்கள் என்று கேட்கவேண்டும். கடைசியில் என்ன சொன்னான் என்று கேட்கவேண்டும். பிறகு தாழ்வுபாட்டுக்குப் போய் அந்தப் பெண்ணின் முன்னால் நிற்கவேண்டும். ரெண்டு பேரையும் வாசிக்கச் சொல்லுங்கோ தங்கச்சி. இந்த வசனத்தை அவள் பலவிதமாக மாற்றிப் பார்த்தாள். எந்த விதத்திலும் அது வாயால் வரக்கூடியதாக இல்லை.

*

கொட்டில் கூரைக்குக் கீழே இரண்டு ஃபைபர் படகுகள் கவிழ்ந்து கிடந்தன. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டபடி வந்தவள் ஸீனத், ஜுனைட்டின் மனைவி. ஐம்பது வயது இருக்கும். கணவர் சிலாவத்துறைக்குச் சாமான் வாங்கப் போய்விட்டார் என்றாள். அன்ரோனெற் கையில் இருந்த கானைக் கண்டதும், அவள் பக்கத்தில் கிடந்த படகைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்திட்டீங்களா," என்றாள். "நீங்களா யசிந்தா?"

"இல்லை. யசிந்தா அனுப்பி வந்தனான்." அன்ரோனெற் குரலைத் தாழ்த்தினாள். "சொல்லுங்கோ அக்கா. அவர் எப்ப மோசம் போனவர், எங்க அடக்கம் செய்தனீங்கள்?"

"ஆரு?"

"கணக்கு மாஸ்டர்."

ஸீனத் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அல்லாவே, ஏன் மகள் அப்பிடிச் சொல்றீங்க? மாஸ்டர் அங்க, அந்தப் போட்டுக்குப் பின்னால இருந்து கடுதாசி தேய்க்கிறார்."

சசிகரனும் அன்ரோனெற்றும் ஒன்றாகத் திரும்பினார்கள். இரண்டாவது படகுக்குப் பின்னால் கரகரவென்று மண்கடுதாசி உரசும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப இதை எழுதினது ஆர்?" அன்ரோனெற் 393ஐத் தூக்கிக் காட்டினாள்.

"அவர்தான்."

"அவர் இப்பிடி எழுதமாட்டார்!"

"எழுதினார் மகள்," என்றாள் ஸீனத். "நான் பக்கத்தில இருந்து பாத்தனே."

அவள் அவர்களை மணலில் கிடந்த பலகையில் இருத்திவிட்டுச் சொன்னாள். முள்ளிக்குளத்துக்கு வெளியே கடலில், ஒரு கானைக் கட்டிப்பிடித்தபடி மிதந்தவனை ஜுனைட்டின் ஆட்கள்தான் தூக்கிவந்தார்கள். படகு கவிழ்ந்தபோது விளிம்பு அடித்துத் தலை உடைந்திருந்தது. கண் விழித்ததும் அவன் கேட்டது ஒன்றுதான்: நான் இருக்கிறதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ.

"'ஒரு வீட்டுப் புள்ளையக் கடலுக்குக் குடுத்திட்டு வந்தனான், எனக்குப் போக வீடில்ல' எண்டார். எங்கட மனுசன் வாக்குக் குடுத்திட்டார். காயம் ஆறினது. இங்கத்தைப் புள்ளையளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தார். பிறகு ஒருநாள் கான் கேட்டார், பெயின்ற் கேட்டார். 'மாசம் ஒண்டு கழட்டி அனுப்புவன். ஏழுக்கு வந்தா நானே போவன்' எண்டார். அண்டைக்குத்தான் அவர் சிரிச்சு நான் பாத்தது."

"பிறகு?"

"தலையிடி துவங்கிச்சு. முதல் புள்ளையளின்ர பேர் மறந்தார். பிறகு பெருக்கல். கட்டாயப்படுத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனம். பழைய அடியில தலைக்குள்ள இரத்தம் உறைஞ்சு கிடக்குதாம். பெரிய ஆஸ்பத்திரியில எடுக்கோணும், சொந்தக்காரர் வந்து கையெழுத்து வைக்கோணும் எண்டாங்க. அவர் மாட்டனெண்டு ஓடி வந்திட்டார்."

ஸீனத் கானை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதை எழுதின அண்டைக்கு முழுநாளும் இப்பிடித்தான் மடியில வைச்சிருந்தார். பழைய எண்ணை மணலில எழுதி எழுதி அழிச்சார். என்னைக் கூப்பிட்டு, 'அக்கா, எந்தப் பக்கத்தால கழட்டுறது?' எண்டு கேட்டார். எனக்கென்ன தெரியும்? எந்தப் பக்கத்தால கழட்டினாலும் ஒண்டு குறையும்தானே தம்பி எண்டன். எழுதினார். எழுதிப்போட்டுப் பாத்தார். 'இது பிழை, இது பிழை' எண்டு அழத் துவங்கினார். எது சரியெண்டு கேட்டன். அது அவருக்குத் தெரியேல்ல. பிழையெண்டு மட்டும் தெரிஞ்சிச்சு."

சசிகரன் எழுந்து போய்க் கொட்டில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அவர் குப்பையில போடச் சொன்னார்," என்றாள் ஸீனத். "நான்தான் பஸ்ஸில ஏத்தினன். வாக்கை உடைக்கவும் பயம், ஆளைச் சாகவிடவும் பயம். நான் ஒரு சொல்லும் சொல்லேல்ல. பிழையான சாமான் போனா ஆராவது கேட்டு வருவாங்கதானே எண்டு நினைச்சன்."

அன்ரோனெற் தலையைக் குனிந்துகொண்டாள். ஜெனோஜன் பிழை விடமாட்டான் என்பதில் தொடங்கித்தான் அவள் கணக்கு முழுக்க நடந்தது. ஒவ்வொரு படியும் சரி. முதற்படி ஒரு மனிதனின் தலைக்குள் இருந்தது. அங்கே என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. மூன்றின் வாலைச் சசிகரன் காட்டியபோதும் அவள் பார்க்கவில்லை.

*

தாடியும் புழுதியுமாக இருந்தான் ஜெனோஜன். மண்கடுதாசியை ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டிருந்ததில் படகில் அந்த இடம் மட்டும் பளபளத்தது. அன்ரோனெற் எதிரில் குந்தியதும் மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"வாங்கோ. நீங்கள் ஆற்ர அம்மா? பிள்ளை எந்த வகுப்பு?"

"நான் யசிந்தாவுக்குத் தெரிஞ்ச ஆள் மாஸ்டர்."

யசிந்தா என்றதும் அவன் கண் தெளிந்தது. "யசி சுகமா இருக்கிறாவோ? நான் போகோணும். கனநாளா நிக்கிறன் இங்க." பிறகு நெற்றியைச் சுருக்கினான். "ஏன் போகாம நிக்கிறனெண்டுதான் தெரியேல்ல. ஏதோ ஒண்டு இருந்தது. போகேலாம ஏதோ ஒண்டு இருந்தது."

அன்ரோனெற் எழுந்து வேலிப்பக்கம் போனாள். போன் எடுத்தாள். மறுமுனையில் யசிந்தாவின் குரல் ஒரே சொல்லில் வந்தது.

"சொல்லுங்கோ."

"உயிரோட இருக்கிறார்."

நெடுநேரம், அழுகை என்று சொல்லமுடியாத ஒரு மூச்சு.

"தங்கச்சி, கேளுங்கோ. இன்னொண்டும் இருக்கு," என்றாள் அன்ரோனெற். தலையடியைப் பற்றி, ஆஸ்பத்திரியைப் பற்றி, எண்களைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். மெருகேற்றாமல் வரிசையாகச் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த ஒரே விதம் அதுதான்.

"என்னைத் தெரியுமோ அவருக்கு?"

"உங்கட பேர் தெரியும். முகம் நிறைஞ்சுபோய்க் கேட்டார்."

"அது போதும். ஓட்டோவை அனுப்புங்கோ."

*

பின்னேரம் சசிகரன் அவளைக் கூட்டிவந்தான். யசிந்தா ஓட்டோவிலிருந்து இறங்கி, மணலில் செருப்புப் புதையப் புதைய நடந்து வந்தாள். ஒரு வருசமாக அவள் மனதுக்குள் எழுதி வைத்திருந்த ஏச்செல்லாம் நடையில் தெரிந்தது. ஏன் வரவில்லை, அம்மாவிடம் நான் பேசியிருக்கமாட்டேனா, தம்பியையும் தின்றுவிட்டு உன்னையும் ஒளித்துக்கொண்டாயே. எல்லாம் வாய்வரை வந்துவிட்டிருந்தன.

ஜெனோஜன் எழுந்து நின்றான்.

"யசி. இந்த வெயிலுக்குள்ள ஏன் வந்தனி? குடையில்லையோ?"

அவள் நின்றுவிட்டாள்.

அவன் அவள் தோளுக்கு மேலால் ஓட்டோவை எட்டிப் பார்த்தான். "விதுசன் எங்க? அவன் வரேல்லையோ? நாளைக்கு அவனுக்குச் சோதனையெல்லே. அந்த வர்க்கமூலக் கணக்கை இன்னும் ஒருக்கால் பாக்கச் சொன்னனான்."

யசிந்தாவின் முகம் வெளிறிப்போனதை அன்ரோனெற் கண்டாள். அவனை வீட்டுக்கு வரவிடாமல் மறித்துநின்ற அந்த ஒன்று, இப்போது அவன் தலைக்குள் இல்லை. கழன்று போய்விட்டது. அது போனதால்தான் அவனால் வீட்டுக்குப் போகமுடியும். ஆஸ்பத்திரியில் அந்த உறைந்த இரத்தத்தை எடுத்து, போனதெல்லாம் திரும்பி வந்தால், விதுசன் அவனுக்கு இன்னொருமுறை சாவான்.

யசிந்தாவும் அதைக் கண்டுகொண்டாள். கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு தன் சேலைத்தலைப்பால் அவன் தாடியிலிருந்த வெள்ளைப் புழுதியைத் துடைத்துவிட்டாள்.

"வீட்டில நிக்கிறான்," என்றாள். "உங்களக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவன். போற வழியில ஆஸ்பத்திரிக்கும் போட்டுப் போவம். நான் கையெழுத்து வைக்கிறன்."

"சரி," என்றான் ஜெனோஜன். அவ்வளவு லேசாகச் சொன்னான்.

ஸீனத் அவனுடைய இரண்டு சாரத்தையும் ஒரு சட்டையையும் பையில் போட்டுக் கொடுத்தாள். ஓட்டோவின் பின்னிருக்கையில் யசிந்தாவும் அவனும், ஓரத்தில் அன்ரோனெற். சசிகரன் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தான், பிறகு கண்ணாடியை மேலே திருப்பிவிட்டான்.

சிலாவத்துறைக்குக் கிட்ட யசிந்தாவின் போன் அடித்தது. றெனால்ட் ஃபாதர். காற்றிரைச்சலில் அவர் உரத்துக் கதைத்தது எல்லோருக்கும் கேட்டது.

"பிள்ளை, நாளைப் பூசைக்கு முடிவு சொல்லும். ஒரு பேரோ, ரெண்டு பேரோ?"

"ஒண்டு, ஃபாதர்."

"மெய்யாவோ? கடவுளே! நல்லது மகள், நல்லது. அப்ப விதுசனுக்கு மட்டும்..."

யசிந்தா போனைச் சட்டென்று காதோடு அழுத்தினாள். ஆனால் ஜெனோஜன் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டான். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவள் பக்கம் சரிந்தான்.

"ஆர் யசி? விதுசனே போனில?"

ஓட்டோ ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. யசிந்தா வெளியே பார்த்தபடி இருந்தாள்.

"ஓம்," என்றாள். "அவன்தான்."

"வெள்ளனப் படுக்கச் சொல்லு. முழிச்சிருந்து படிச்சா நாளைக்குக் கணக்கு ஓடாது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மறுமுனையில் பாதிரியார் பேச்சை நிறுத்தியிருந்தார். போனை அவர் வைக்கவுமில்லை.

"வெள்ளனப் படுக்கட்டாம்," என்றாள் யசிந்தா போனுக்குள். "உன்ர அத்தார் சொல்லுறார்."

பிறகு, மிகவும் மெதுவாக, அந்த வயதான குரல் வந்தது.

"சரி மகள். நான் அவனிட்டச் சொல்லுறன்."